உரைகல் எழுதிய மதிப்புரை

அந்த சோபாவுல உக்காந்துடாதீங்க மேடம், ஸ்ப்ரிங் குத்தும். இப்படி இந்தப் புத்தகக் கட்டு மேல உக்காருங்க. அட, கூச்சப்படாம உக்காருங்க, என்னோட நாவல்தான். மூணு வருஷமா இந்த ஆபீசுல அது பாக்குற உத்தியோகமே இதுதான்.

கையில என்ன, நாவலா? முதல் நாவலா! மருந்துக் கடையில வேலையா? லீவு போட்டுட்டு வந்தீங்களா? நான் கண்ணாடிக் கடையில கண் டெஸ்ட் பண்றவன். பதிப்பாளர் வெளிய போயிருக்கார்னு அந்த ரிசப்ஷன் பொண்ணு சொல்லுச்சா? அப்ப உள்ளதான் இருக்காரு. எனக்கும் இன்னிக்கு முடிவு தெரிஞ்சாகணும். என் நாவலோட விக்காத பிரதியெல்லாம் கிடங்குல இருக்கா, இல்ல காகிதக் கூழாக்குற ஆலைக்குப் போகுதான்னு. இடத்த அடைக்குதாம்.

விமர்சனத்த எப்படித் தாங்கிக்கிறதா? சரியான ஆளத்தான் கேட்டீங்க. முதல்ல பாராட்டத் தாங்கப் பழகிக்கங்க. பிரமாதம்னு ஒருத்தர் சொன்னா, படிக்கலன்னு அர்த்தம். அட்டை அருமைன்னா, வாங்கவே இல்ல, கடையில பாத்திருக்காரு. எங்க அக்கா முதல் அத்தியாயம் முழுக்கத் தன்னைத் தேடினா. காணோம்னதும் மூடி வெச்சுட்டா. என் வீட்டுக்காரி படிச்சா, முழுசா படிச்சா. கதையில வர்ற அந்த டீச்சர் நிஜத்துல யாருன்னு மட்டும் கேட்டா. இன்னமும் கேட்டுக்கிட்டிருக்கா.

வெளியீட்டு விழாவா? வெச்சாங்களே! பதிப்பாளரே வரல. தலைமை தாங்குனவர் முக்கால் மணி நேரம் தன்னோட குடலிறக்க ஆபரேஷனப் பத்திப் பேசினாரு. கடைசியில, இந்தக் கவிதைத் தொகுப்பு தமிழுக்கு வரவுன்னு முடிச்சாரு. ஆமா மேடம், நாவல்தான். கை தட்டினாங்களே, நானும் தட்டினேன்.

திட்டினாக்கூட தாங்கிக்கலாங்க. ஒருத்தருமே ஒண்ணுமே சொல்லலன்னா? ஒன்றரை வருஷம் வாரம் தவறாம பத்திரிகையப் புரட்டினேன். மூச்சு விடல ஒருத்தனும். இந்த ஆபீசுக்கு நாலு தடவ வந்தேன், நாலு தடவயும் யாரு நீங்கன்னு கேட்டாங்க.

அப்புறந்தான் ஒரு மதிப்புரை வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. உரைகல்னு புனைபெயர். கேள்விப்பட்டிருக்கீங்களா? பாத்தீங்களா, என்னைத் தெரியாது, அவனத் தெரியுது! கிழிச்சுத் தொங்க விட்டுட்டான். கதாநாயகி நாப்பது பக்கம் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே நிக்கிறா, இதுக்குள்ள அந்த ஜன்னலே ஒரு கதாபாத்திரமா வளர்ந்துடுச்சுன்னு எழுதினான். சிரிங்க, பரவாயில்ல. நானே சிரிச்சேன்.

ஆனா அதுக்கப்புறம் ஒரு பாரா. அப்பா சாகுற இடத்துல மகன் ஆறு பக்கம் அழுவான். நான் உசுரக் கொடுத்து எழுதின இடம். இவன் சொல்றான், இந்த மகன் ஒரு சொட்டுக்கூட அழுதிருக்க மாட்டான், அப்பா போயிட்டாருன்னு போன் வந்தப்புறமும் கடையில நின்னு கடைசி ஆள் வரைக்கும் வேலைய முடிச்சுட்டுத்தான் கிளம்பியிருப்பான், அந்த வெக்கத்த மூடுறதுக்குத்தான் இவ்வளவு கண்ணீருன்னு.

உண்மையான்னா... உண்மைதாங்க. எங்க அப்பா செத்த அன்னிக்கு, போன் வந்தப்புறம் ரெண்டு பேருக்குக் கண் பாத்தேன். கீழ் வரியப் படிங்க, கீழ் வரியப் படிங்கன்னு சொல்லிக்கிட்டே. வீட்டுலகூட யாருக்கும் தெரியாது.

அவனுக்கு எப்படித் தெரியும்னா... அட, நான்தாங்க எழுதினேன். என் புத்தகத்த நானே திட்டினா நாலு பேரு சண்டைக்கு வருவான், நாப்பது பேரு வாங்குவான்னு ஒரு கணக்கு. லேசா ரெண்டு தட்டு தட்டலாம்னுதான் உக்காந்தேன். பத்து வரிக்கு மேல கை நிக்கல. சண்டைக்கு ஒருத்தனும் வரல. எல்லாரும் உரைகல் யாரு, உரைகல் யாருன்னுதான் அலையுறான். அப்புறம் மத்தவங்க புத்தகத்துக்கும் எழுதுன்னு பத்திரிகைக்காரங்க கேட்டாங்க. எழுதினேன்.

இவரு, உள்ள இருக்காரே, பத்திரிகை விலாசத்துக்குத் தபால் போட்டிருக்காரு. உரைகல் அவர்களுக்கு, உங்க கட்டுரையெல்லாம் புத்தகமா போடுறோம், அந்த நாவலப் பத்தினதுதான் முதல் கட்டுரை, அந்த நாவல வெளியிட்டதுக்கு வெட்கப்படுறோம், நேர்ல வந்து நீங்க ஒரு வார்த்த சொன்னா மிச்சத்தையெல்லாம் கூழுக்கு அனுப்பிடுறோம்னு. ஆமா, என்னைத்தான் கேக்குறாரு. முகம் தெரியாதுல்ல.

அய்யோ, நீங்க ஏன் மேடம் உங்க நாவலப் பையில திணிக்கிறீங்க? எடுத்துட்டுப் போயிடாதீங்க, பதிப்பாளர்கிட்ட கொடுங்க. ஒண்ணு மட்டும் கேக்குறேன், பதில் எனக்கு வேணாம். இதுல நீங்க அதிகமா அழுது எழுதின இடம் எது? வீட்டுக்குப் போய் உங்க பிரதியில அத மட்டும் ஒரு தடவ பாருங்க.

கதவு திறக்குது. என்னம்மா? ஆமா, உரைகல் நான்தான். இதோ வர்றேன்.

கூழுக்கே அனுப்பிடுங்கன்னுதான் சொல்லப் போறேன் மேடம். முன்னூறு பக்கம் எழுதினேன். எங்க அப்பாவப் பத்தி நான் பொய் சொல்லாம எழுதினது மதிப்புரையில வந்த அந்த ஒரு பாராதான்.