ஒரே நம்பர், ஒரே ஆள்

எங்கள் பக்கம் பல வீடுகளில் ஒரே ஒரு போன்தான் சார். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

முதலாளிக்குச் சிவகாசியைச் சுற்றி நான்கு பட்டாசு ஆலைகள். ஓரிடத்தில் கைரேகைக் கருவி, ஓரிடத்தில் எக்ஸெல், ஓரிடத்தில் பழைய சாஃப்ட்வேர், ஆனைக்குட்டத்தில் மேற்பார்வையாளர் செல்போனில் ஏற்றும் பட்டியல். அவிழ்த்துக் கொட்டிய நெல்லிக்காய் மூட்டைதான். யார் எங்கே உள்ளே இருக்கிறார்கள் என்பது ஒரே திரையில் தெரிய வேண்டும் என்றார். விருதுநகர் ஆபீசில் உட்கார்ந்து மூன்றே மாதத்தில் நான்கையும் இணைத்தேன். பெயரை நம்ப முடியவில்லை, ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். அதனால் போன் நம்பரை வைத்துச் சேர்த்தேன். ஒரே நம்பர் என்றால் ஒரே ஆள், அதுதான் நான் வைத்த விதி.

வேல்விழிக்கு ஆனைக்குட்டத்து ஆலையில் வேலை. அவள் நாத்தனார் சண்முகத்தாய்க்குக் கைரேகை வைக்கும் ஆலையில். இருவரும் கொடுத்தது வீட்டில் இருந்த ஒரே நம்பரை.

"அண்ணாச்சி, ரெண்டு பேரையும் ஒரே ஆளாக் காட்டுது" என்று ஆபீசில் மாரிசெல்வி அப்போதே சொன்னாள். சீசன் முடியட்டும் என்றேன்.

அன்று சண்முகத்தாய் தலைவலி என்று பன்னிரண்டு பத்துக்குக் கைரேகை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மணிக்கு ஆனைக்குட்டத்து ஆலை வெடித்தது. உள்ளே எத்தனை பேர் என்று தீயணைப்பு அதிகாரி போனில் கேட்டார். திரையைப் பார்த்து ஆறு என்றேன். இருட்டுவதற்குள் ஆறு பேரையும் எடுத்துவிட்டுத் தேடுவதை நிறுத்தினார்கள்.

அப்போது வேல்விழியின் கணவன் முனியசாமி கூப்பிட்டான். அதே நம்பர்.

"அண்ணாச்சி, எம் பொண்டாட்டி இன்னும் வீடு வரல. உள்ள இருக்காளான்னு செத்த பாருங்க."

"பன்னெண்டு பத்துக்கே வெளிய போயாச்சேப்பா."

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று பஸ் ஸ்டாண்டுக்குத் தேடப் போனான்.

மறுநாள் காலை இடிந்த சுவரைப் புரட்டியபோது அடியில் வேல்விழி கிடந்தாள். தீ அவளைத் தொடவில்லை. விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

அன்றைக்கே அந்த விதியைத் திருத்திவிட்டேன். இப்போது இருவரும் தனித்தனி. எடுத்த ஆறு பேருக்கும் வெளியே என்று பதிந்தாயிற்று. ஆனால் உள்ளே போன வேல்விழி வெளியே வந்ததாகப் பதிவில்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு, ஆலை பூட்டிக் கிடந்தாலும், அறிக்கை வருகிறது: உள்ளே இருப்பவர் ஒருவர். அதை அழிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் விசாரணை அறிக்கையில் பிழை விதியில்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள் சார். இன்னொன்றும் எழுத வேண்டும். முனியசாமியை லைனில் வைத்துக்கொண்டே ஆனைக்குட்டத்து மூலப் பட்டியலைத் திறந்தேன். வேல்விழி உள்ளே என்றுதான் இருந்தது. ஆறு என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். ஏழு என்றால் முதலாளி என் திரையை இனி நம்ப மாட்டார். பட்டியலை மூடிவிட்டுத்தான் அவனுக்குப் பதில் சொன்னேன்.