சீல் உடையாமல் உள்ளே போன கட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் சிறை அதிகாரி ஐயா அவர்களே, பெற்றோர்களே, கண்கலங்கி நிற்கும் என் மாணவச் செல்வங்களே! நான் கணக்கு டீச்சர். மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லாதவள். இன்று நானே கேட்டு வாங்கிப் பிடித்திருக்கிறேன். காரணம் துக்கம் மட்டுமல்ல.

நம் வரலாற்று ஆசிரியர் மறைந்து இன்றோடு ஐந்து நாள். 'கேட் வாத்தியார்' என்று நாம் கூப்பிட்ட அந்தப் பெருமகனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? தாமதமாக வரும் பிள்ளைகளைப் பள்ளி வாசலில் பிடித்ததாலா? இல்லை! அது சிறைச்சாலை கேட்!

ஒன்பது வருடங்களுக்கு முன், சிறையில் இருப்பவர்களும் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம், நம் பள்ளியிலிருந்தே வினாத்தாள் போகும் என்று அலைந்து திரிந்து உத்தரவு வாங்கி வந்தார். எத்தனை பேர் கரித்துக் கொட்டினார்கள்! நானும்தான். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறீங்க சார்" என்றேன். "விட்டாச்சு டீச்சர். நீங்களும் கூட வாங்க" என்றார்.

போனேன். முதல் நாளே கேட்டில் வினாத்தாள் கட்டை நிறுத்திவிட்டார்கள்.

"பிரிச்சுப் பாக்காம எதுவும் உள்ள போகாது சார்" என்றார் காவலர்.

"இப்பவே சீலை உடைச்சா இங்க மட்டும் இல்லீங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கும் பரீட்சை ரத்து" என்றார் இவர்.

அவர் சொன்னதும் சட்டம், இவர் சொன்னதும் சட்டம்தானே! மணி ஒன்பதே முக்கால். உள்ளே இருபது பேர் பேனாவோடு காத்திருக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம் வாத்தியார் அன்றைய சிறை அதிகாரியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சோதனை போட வேணாம்னு யார் சொன்னா? எங்கூட ஹாலுக்கு நடந்து வாங்க. பத்து மணிக்கு நான் சீல் உடைக்கிறப்போ ஒவ்வொரு தாளா உதறிப் பாருங்க."

அதிகாரி தலையாட்டினார், கூடவே நடந்தார். ஒன்பது வருடமும் அப்படித்தான் நடந்தது. ஆனால் அன்பர்களே, அதில் ஒரு வரியாவது எழுத்தில் இருக்கிறதா? இல்லை! எல்லாம் வாய்வார்த்தை. அந்த அதிகாரி போன மாதம் மாற்றலாகிப் போனார். இவர் நம்மையே விட்டுப் போய்விட்டார். நாளை மறுநாள், திங்கட்கிழமை பரீட்சை!

நேற்று ஒரு மாணவி என்னிடம் வந்தாள். யாரென்று சொல்ல மாட்டேன். "டீச்சர், திங்கக்கிழமை எங்கப்பாவுக்கும் பரீட்சை உண்டுல்ல? கணக்குல சந்தேகம் கேட்டு எனக்குத்தான் லெட்டர் போடறார்" என்றாள். உண்டு என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்? இரவெல்லாம் தூக்கமில்லை. மகளுக்கு உள்ள உரிமை அப்பனுக்கு இல்லையா? ஒரே பாடம், ஒரே வினாத்தாள், நடுவே ஒரு மதில் என்பதால் இல்லாமல் போய்விடுமா?

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அந்தக் கட்டோடு நான் கேட்டுக்கு வருவேன். எனக்குப் பயம்தான். அந்தப் பயத்தோடேயே வருவேன். அடுத்த வருடமும் வருவேன். அவர் விட்டுப்போன வேலைக்கு நான் கொடுக்கும் வாக்கு அதுதான்.

அடுத்ததாக நம்மை எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காக்கச் சொல்வார்கள். காப்போம். ஆனால் அதிகாரி ஐயா, அதற்கு முன் நீங்கள் மட்டும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்தக் கூட்டத்தில் ஒரு பெண் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.