வர்றேன் மாமா

மலை ஏற நினைப்பவர்கள் எல்லோரும் ஷூவைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். கடை கடையாக ஏறி இறங்கி, காலை அழுத்திப் பார்த்து வாங்குவார்கள். தண்ணீரை மட்டும் ஒரு பாட்டிலோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆறு வருடமாக உச்சியில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதில் மாற்றமே இல்லை. என் மாப்பிள்ளை சபரியும் ஒரு பாட்டிலோடுதான் வந்தார்.

ஷ்யாமளா அம்மா, எனக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். கோபிசெட்டிப்பாளையத்திலிருந்து வந்து முப்பத்தோரு வருடம் இந்த பே ஏரியாவில் சிப் கம்பெனிகளில் குப்பை கொட்டியவன். ஆனாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன். டிடெக்டிவ் ஒரு மாதிரி பார்த்தார். இந்த விஷயம் முழுவதும் ஒரு தமிழ்ச் சொல்லில் நிற்கிறது, அதைத் தமிழ் தெரிந்தவரிடம்தான் ஒப்படைக்க முடியும். வாயால் சொன்னால் நடுவில் கேள்வி கேட்டுக் குழப்புவார்கள் என்று எழுதித் தருகிறேன். நீங்கள் வரிக்கு வரி மாற்றிக் கொடுத்தால் போதும். வக்கீல் வேண்டாம் என்று நானேதான் சொன்னேன்.

என் பெயர் வேலுமணி. வயது அறுபத்தாறு. என் மனைவி கலாவதி காலமான மறு வருடம் இந்த வேலையில் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது. மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமைகளில் மலை உச்சியில் இருக்கும் தீக்காவல் கூண்டில் உட்கார வேண்டும். நாலு பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன மர அறை, உயரமான கால்களின் மேல் நிற்கிறது. கால் மணிக்கு ஒரு முறை பைனாகுலரால் சுற்றிலும் பார்க்க வேண்டும். எங்காவது புகை தெரிந்தால் திசையைக் குறித்து ரேடியோவில் சொல்ல வேண்டும். புகை இல்லை என்றால் மணிக்கு ஒரு முறை, எல்லாம் சரி என்று சொல்ல வேண்டும். இந்த ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட நேரம் தவறியதில்லை. பதிவேட்டைப் பார்த்தால் தெரியும்.

என் மகள் ஓவியாவும் சபரியும் ஃப்ரீமாண்ட்டில் என் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருந்தார்கள். பேரன் கவினுக்கு ஐந்து வயது. சாயங்காலம் டேகேரிலிருந்து அவனை நான்தான் கூட்டி வருவேன். கலாவதி இல்லாத வீட்டில் அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கு நாள் என்று இருந்தது. மற்ற நேரமெல்லாம் அதற்காகக் காத்திருப்பதுதான்.

போன செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை ஓவியா போன் செய்தாள். ஆறு வயதில் இங்கே வந்தவள், பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாகத்தான் பேசுவாள். "அப்பா, சபரி உங்ககிட்ட நேர்ல பேசணும்னு சொல்றாரு. சாட்டர்டே உங்க மலைக்கே ஹைக் பண்ணி வராராம். ப்ளீஸ், கோவப்படாதீங்க, ஓகே?" என்றாள். கோபப்படாதே என்று முன்கூட்டியே சொன்னால் விஷயம் என்ன என்று தெரிந்துவிடும் அல்லவா. எனக்கும் தெரிந்துவிட்டது.

அன்று நூற்றிரண்டு டிகிரி வெயில். நான் வழக்கம்போல் விடியும்போதே ஏறிவிட்டேன். சபரி பத்து மணிக்குமேல் கிளம்பி, நாலரை மைல் ஏறி, பன்னிரண்டரைக்கு முகம் சிவக்க வந்து சேர்ந்தார். மரியாதை தெரிந்த பையன், திருப்பூர்க்காரர். நான் கொண்டுபோயிருந்த எலுமிச்சை சாதத்தை இருவரும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிக்கும்வரை கவினின் நீச்சல் வகுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பிறகு கை கழுவிவிட்டுச் சொன்னார்.

"மாமா, டெக்சாஸ்ல, இர்விங்ல வேலை ஆஃபர் வந்துருச்சுங்க. லாஸ் காலினாஸ்ல ஆபீஸ். அக்காவும் அங்கதான் இருக்காங்க. ஜனவரிக்குள்ள மூவ் பண்ணிரலாம்னு இருக்கோமுங்க."

"ஓவியா என்ன சொல்றா?"

"அவளுக்கும் சரிதானுங்க. உங்களத்தான் நெனச்சு அழுகறா. நீங்களும் வந்துருங்க மாமா. அங்க பெரிய வீடா வாங்கிக்கலாம். கீழ ஒரு ரூம் உங்களுக்குன்னே போட்டுரலாம், படி ஏற வேண்டியதில்லீங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதை மறுக்கவில்லை. ஆனால் வாரா வாரம் மலை ஏறுகிற தெம்பு இருக்கிற ஒருவனிடம், படி ஏற வேண்டியதில்லை என்று சொன்னது எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை வீட்டின் கீழறையில், கதவைத் தட்டிவிட்டுச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பாட்டிலில் கால்வாசிகூடத் தண்ணீர் இல்லை என்று பார்த்தேன். கூண்டில் ஐந்து கேலன் தண்ணீர் இருந்தது. அவர் கேட்கவில்லை, எனக்கும் கொடுக்கத் தோன்றவில்லை.

ஒன்று நாற்பதுக்குக் கிளம்பினார். "வர்றனுங்க மாமா" என்று கும்பிட்டார்.

கூண்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் போனால் கார் நிறுத்துமிடம். இடது பக்கம் பழைய பாதை, இரண்டு வருடம் முன்பு மழையில் சரிந்ததால் மூடிவிட்டார்கள். மூடியிருக்கிறது என்ற பலகை சாய்ந்து கிடந்தது. அவர் அங்கே நின்று போனைப் பார்த்தார், இடது பக்கம் திரும்பினார். பைனாகுலரில் தெளிவாகத் தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். அந்த இடத்தில் போனில் சிக்னல் கிடைக்கும். கொஞ்ச தூரம் போனால் தானே தெரிந்து திரும்புவார் என்று இருந்துவிட்டேன். இரண்டு மணி ரேடியோவுக்கும் நேரமாகிவிட்டது.

மூன்று ஐந்துக்கு அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். "வர்றேன் மாமா." அவ்வளவுதான்.

எழுந்து பார்த்தேன். சரிவில் உருண்ட கற்களின் நடுவே நீலச் சட்டை தெரிந்தது. ஒரு காலை ஊன்றவில்லை. ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து மேலே வந்துகொண்டிருந்தார். கூண்டைப் பார்த்துக் கையை ஆட்டினார். பழக்கத்தில் நானும் கையை ஆட்டினேன். மெசேஜுக்கு, "சரிங்க மாப்பிள்ளை" என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்ட எதுவும் எனக்கு வரவில்லை. அந்தச் சரிவில் சிக்னல் வந்து வந்து போகும்.

நான்கு மணிக்கு ரேடியோவில், எல்லாம் சரி, புகை இல்லை என்று சொன்னேன். அது உண்மை. புகை இருந்தால் சொல்வதுதான் என் வேலை, அன்று எங்குமே புகை இல்லை.

அப்போது மனதில் என்ன இருந்தது என்று டிடெக்டிவ் கேட்டார். நினைத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் சிரமப்படட்டும், வெயில் என்றால் என்ன என்று தெரியட்டும், டெக்சாஸைப் பற்றி இன்னொரு முறை யோசிக்கட்டும் என்று இருந்தது. ஒரு பெரியவன் சின்னவருக்குக் கொடுக்கும் அவகாசம் அது. தள்ளிவிடவில்லை. தொடக்கூட இல்லை.

ஐந்து மணிக்குக் கூண்டைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். பாதை பிரியும் இடத்தில், சரிவின் பக்கத்திலிருந்து "மாமா" என்று கேட்டது. நின்றேன். இன்னொரு முறை கேட்டது. குரல் தெளிவாகத்தான் இருந்தது, என் காதும் நன்றாகவே கேட்கும். ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. குனிந்து கட்டிக்கொண்டு வலது பக்கம் இறங்கினேன்.

கீழே அவருடைய கார் நின்றது. பக்கத்திலேயே என் காரில் உட்கார்ந்திருந்தேன். ஆறே முக்காலுக்கு ஓவியா கூப்பிட்டாள், சபரி போனை எடுக்கவில்லை என்று. அவர் கிளம்பி வெகு நேரமாயிற்றே என்றேன். அவள்தான் 911-ஐக் கூப்பிட்டாள். ஏழரைக்கு ஷெரிஃப் ஆட்கள் வந்தார்கள், வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. என் காவல் சட்டையைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. இந்த மலையை என்னைவிடத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

இளம் அதிகாரி ஒருவர் என் போனை வாங்கிப் பார்த்தார். மூன்று ஐந்துக்கு வந்த இந்தச் செய்திக்கு என்ன பொருள் என்று கேட்டார்.

இந்த இடத்தைக் கவனமாக மொழிபெயர்க்க வேண்டும், அம்மா. நம்மில் யாராவது விடைபெறும்போது போகிறேன் என்று சொல்வோமா? வருகிறேன் என்றுதானே சொல்வோம். அதைத்தான் சொன்னேன். நாங்கள் விடைபெறும்போது சொல்லும் சொல் இது, கிளம்புகிறேன் என்று பொருள் என்றேன். அதிகாரி போனில் ஓவியாவையும் கேட்டார். "யெஸ், அம்மாகூட அப்படித்தான் சொல்லச் சொல்லுவாங்க. வெளிய போறப்ப வர்றேன்னு சொல்லணும்" என்று அவளும் சொன்னாள். கீழே இருந்த என் பதிலும் அதற்குப் பொருத்தமாக இருந்தது. ஒருவர் வருகிறேன் என்கிறார், இன்னொருவர் சரி என்கிறார். யார் பார்த்தாலும் விடைபெறல்தான்.

அப்படியென்றால் மூன்று மணிக்கு அவர் கிட்டத்தட்டக் கீழே, கார் பக்கத்தில் வந்து, கிளம்புவதற்கு முன் சொல்லியிருக்கிறார், சரியா என்று அதிகாரி கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டல் உங்களுக்குத் தெரியும். ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆம் என்று எடுத்துக்கொண்டார். மேலிருந்து பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது என் வழக்கம் இல்லை.

கார் நிறுத்துமிடத்தைச் சுற்றியும் கீழ் ஓடைப் பாதையிலும் தேடினார்கள். ஹெலிகாப்டர் வடக்கே ஒரு தீக்குப் போயிருந்தது. ஞாயிறு மத்தியானம்தான் மேலே போனார்கள். கூண்டிலிருந்து முந்நூறு அடிகூட இல்லாத இடத்தில் இருந்தார். கணுக்கால் முறிந்திருந்தது, ஆனால் அது காரணம் இல்லை. தண்ணீர் இல்லாததுதான். காலை எட்டு மணி வாக்கில் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். சரிவின் பாதியில் இருந்தவர், உடைந்த காலோடு இரவெல்லாம் ஏறியிருக்கிறார். போனில் 911-க்கு மூன்று முறை, எனக்கு எட்டு முறை முயன்றிருந்தார். ஓவியாவுக்கு ஒன்றுகூட இல்லை. பயந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

ஓவியாவும் கவினும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மாடி அறையை அவர்களுக்குக் கொடுத்தேன். அழுகிற மகளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். பேரனுக்குத் தயிர்சாதம் பிசைந்து ஊட்டினேன். அந்த எட்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரே தொந்தரவு, மூன்று மணிக்குமேல் வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து யாரோ படி ஏறுகிற சத்தம் கேட்கும். பாதிப் படியில் நிற்கும், மறுபடி ஏறும். ஒரு நாளும் மேல்படிக்கு வந்து சேர்ந்ததில்லை. கடைக்குப் போகும்போது கவின், "தாத்தா, வர்றேன்" என்பான். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவேன். மே மாதம் மறுபடி கூண்டுக்குப் போனேன். பைனாகுலரை அந்தச் சரிவின் பக்கம் திருப்பினால் கற்கள் நகர்வதுபோல் இருக்கும். பயமாகத்தான் இருக்கிறது, அம்மா. கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டுதான் ரேடியோவில் எல்லாம் சரி என்று சொல்கிறேன்.

போன வாரம் ஓவியா சொன்னாள். இர்விங்கில் சபரியின் அக்கா சண்முகப்ரியா வீட்டுப் பக்கத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். "கவினுக்குக் கசின்ஸ் வேணும்பா. எனக்கு இந்த ஊர்ல மூச்சு முட்டுது. ஜன்னலத் தொறந்தா அந்த மலைதான் தெரியுது" என்றாள். எப்போது என்று கேட்டேன். ஜூன் பன்னிரண்டு, டிக்கெட் போட்டாயிற்று. கீழ் அறையைப் பற்றி இந்த முறை யாரும் பேசவில்லை.

அதனால்தான் திங்கட்கிழமை காலையில் நானே இங்கு வந்தேன். மனச்சாட்சி உறுத்தியதா என்று டிடெக்டிவ் கேட்டார். அவர் அப்படி எழுதிக்கொள்ள விரும்பினால் எழுதிக்கொள்ளட்டும். சபரி மேலே வந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது தெரிந்து, தவறானதைத் தேர்ந்து கொடுத்தேன். எங்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். வழக்கு என்று வந்தால் ஓவியா சாட்சி சொல்ல வேண்டியிருக்கும், அதுவரை ஊரைவிட்டுப் போக முடியாது என்று நினைக்கிறேன். எத்தனை மாதம் ஆகும்? ஒரு வருடம்கூட ஆகும் என்கிறார்கள். என்னைப் பார்க்க வருவதற்கு இங்கே கிழமை வைத்திருப்பார்களாமே. சனிக்கிழமையாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கவினுக்கு அன்று டேகேர் இல்லை, அவனையும் கூட்டிக்கொண்டு வருவாள்.