இருபத்திமூன்று பேரின் வரிசை

நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இரண்டு இளம் ரீச்சர்மார் இருந்தார்கள். யன்னலோரம் இருந்தவள் பெருமூச்சு விட்டாள்.

"என்ர இருபத்திமூண்டு பிள்ளையளையும் ஆராலையும் பிரிக்க ஏலாதடி."

"ஏன், அவ்வளவு ஒற்றுமையோ?"

"மிச்சமில்லாமல் பிரிக்க ஏலாத முதன்மை எண் எண்டால் என்னெண்டு காட்டத்தான், பள்ளிக்கூட முத்தத்தில சமமான வரிசையா நில்லுங்கோ எண்டு விட்டனான். இரண்டு வரிசை, மூண்டு வரிசை, எப்பிடி நிண்டாலும் ஒண்டிரண்டு பேர் மிஞ்சினம். ஒரே சத்தம். வலயக் கல்விக் கந்தோரில இருந்து பாடம் பாக்க வந்த சேர் முகத்தை இறுக்கிக்கொண்டு நிக்கிறார்."

"அண்டைக்கே இடமாற்றம் வரும் எண்டு நினைச்சிருப்பாய்."

"ஓமடி. அப்ப ஒருத்தி, 'ரீச்சர், நீங்களும் வந்து நில்லுங்கோ' எண்டாள். போய் நிண்டன். இருபத்திநாலு. இரண்டு, மூண்டு, நாலு, ஆறு, எல்லா வரிசையும் சரிவந்துது."

"அப்ப நீ படிப்பிக்கேல்லை, எண்ணிக்கைக்கு நிண்டனி."

"கேளன். பிறகு சேரையும் கூப்பிட்டினம். அவரும் மினுங்கிற சப்பாத்தோட புழுதிக்க வந்து நிண்டார். ஐஞ்சு வரிசையில ஐஞ்சைஞ்சு பேர். அவருக்குச் சரியான புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. 'இப்ப நான் போனா என்ன நடக்கும்?' எண்டு கேட்டார்."

"அதுக்கு?"

"'நீங்கள் போனா நல்லம் சேர், கனக்க விதமா நிக்கலாம்' எண்டு முழு வகுப்பும் கத்திச்சுது."

"ஐயோ! மனுசன் என்ன செய்தவர்?"

"ஒரு பக்கமா விலகி நிண்டு, 'எங்க, எல்லா விதமும் நிண்டு காட்டுங்கோ பாப்பம்' எண்டார்."