முதுகு காட்டி நிற்கிறவன்

அந்தப் படத்தைக் கிட்ட நின்று பார்க்கக் கூடாது ஐயா. தள்ளி நின்றால்தான் கப்பல் தெரியும், கிட்டப் போனால் வெறும் சாயத் தீற்றல். துரையம்மாள் சீமையிலிருந்து கொண்டுவந்து பங்களாக் கூடத்தில் மாட்டிய அன்றே இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வேறு எந்தப் பட்லருக்கும் தெரியாத சங்கதி இது.

ஒரு துறைமுகம். பனியும் புகையும் கலந்து கிடக்கும். சரக்கு இறக்குகிறார்கள், ஒருவருக்கும் முகம் கிடையாது. கப்பலேறும் பலகையருகே பழுப்பாய் ஒருவன் முதுகு காட்டி நிற்பான். பக்கத்தில் கழி பிடித்த படகுக்காரன்.

நீங்கள் இருளாயியைப் பற்றிக் கேட்கிறீர்கள். முதலில் அவள் புருஷன் சன்னாசியைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவனும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் மீன் பிடிப்போம். ஒரு நாள் கரை சரிந்து உள்ளே விழுந்துவிட்டான். "கழிய நீட்டுங்கண்ணே" என்றான். தூண்டிற்கழி என் கையில்தான் இருந்தது. இருளாயி வைக்கும் குழம்பை இவன் கையால் வாங்கி எத்தனை காலம் தின்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவன் அடங்கிவிட்டான். மிதந்ததும் மணல் மேட்டில் புதைத்தேன், அநாதையாக விடவில்லை.

ரப்பர் விலை விழுந்த வருஷம். ஆட்களைக் கூட்டங்கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். சன்னாசியும் சொல்லாமல் ஓடிவிட்டான் என்று கூலி லயத்தில் பேசினார்கள். இருளாயி நம்பவில்லை. துரை ஈப்போ கிளப்புக்குப் போயிருந்த ஒரு மதியம் அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். அவள் கண்டதெல்லாம் சாமி படம். படத்தில் இருப்பவர்களுக்கு நாம் சொல்வது கேட்கும் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

"பினாங்குத் துறைமுகம் இது. அந்தா நிக்கிறான் பாரு உம் புருஷன். திரும்பிப் பாக்கிறானா?" என்றேன். எந்த ஊர்த் துறைமுகமோ, யார் கண்டது.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "மூஞ்சி தெரியல. ஆனா நிப்பு அவரோடதுதான்" என்றாள்.

வெறுத்துப்போய் என் பக்கம் சாய்வாள் என்று நினைத்தேன். எனக்கு எது சரியாக வாய்த்தது, இது வாய்க்க? துரை வெளியே போகும்போதெல்லாம் வந்து நின்றாள். "இன்னும் ஏறலியேண்ணே. போக மனசு வரல அவருக்கு. திரும்பி வந்துருவாரு பாருங்க" என்றாள். படத்துக்குப் பூக்கூடக் கொண்டுவந்தாள். பங்களாச் சாவிக்கொத்து முழுக்க என் இடுப்பில். அவளோ ஒரு சொட்டுச் சாயத்தோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது ஐயா.

அவனைக் கப்பலேற்றிவிட்டால் தீர்ந்தது என்று மண்ணெண்ணெய்த் துணியால் அழித்தேன். சாயம் கரைந்து, பலகைக்குக் கீழே தண்ணீரில் வழிந்து நின்றது. அடுத்த முறை வந்தவள் கப்பலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"தண்ணிக்குள்ள விழுந்துட்டாரே" என்றாள். பிறகு படகுக்காரனைக் காட்டினாள். "கையில கழிய வச்சுக்கிட்டு இவன் ஏன் சும்மா நிக்கிறான்?"

படத்தில் இருப்பவனைத்தான் கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கரை சரிஞ்சா யாரு என்ன செய்ய முடியும்?" என்றேன்.

"பலகையிலதான நின்னாரு. இதுல கரை ஏது?"

திரும்பி என்னைப் பார்த்தாள். அண்ணே என்று கூப்பிடவில்லை. கத்தப் போகிறாள் என்று தெரிந்தது. மாடியில் துரையம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் எழுந்துவிடக் கூடாதே என்று தோள்துண்டால் இவள் வாயை அழுத்திப் பிடித்தேன். அவள் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

படத்தைக் கெடுத்ததும் இருளாயியைக் கொன்றதும் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். சன்னாசியை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள் ஐயா. அவனை நான் ஒன்றுமே செய்யவில்லை.