ஆம்ப்ரோஸ் ஐயாவின் பெட்டிக்கு மாலை வேண்டாம்

துக்கத்தோடு மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, கோயில் நிர்வாகக் குழுவினரே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரிஜட் அம்மா அவர்களே, குவீன்ஸ்டவுனிலிருந்தும் கேலாங்கிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் என் சொந்தங்களே, வணக்கம்.

நான் அடிக்கடி கடிகாரத்தைப் பார்ப்பேன். தவறாக நினைக்காதீர்கள். இன்று சனிக்கிழமை. ஆஸ்பத்திரியின் இருதயப் பிரிவு அரைநாள்தான் திறந்திருக்கும். மேடை ஓரத்துக்கு டெலிபோனை ஏன் இழுத்து வைத்திருக்கிறேன் என்று காலையில் சிலர் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

இந்தச் சிங்கப்பூரில் நம் நலச் சங்கத்தின் தலைவர் ஆம்ப்ரோஸ் சூசைநாதன்! எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார், எத்தனை பேர் வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைத்தார் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். நான் அவருடைய நெஞ்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அவருடைய தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். இருதயம் துடிக்க மறந்தால் அது தட்டி எழுப்பும். வீட்டில் வைத்துக்கொள்ள இன்னொரு பெட்டியும் கொடுத்தார்கள். இரண்டு மணிக்கட்டிலும் பட்டையைக் கட்டி, டெலிபோனை அந்தப் பெட்டிமேல் வைத்தால், துடிப்பு ஒரு ஒலியாக மாறி ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே காகிதத்தில் கோடாக விழும். நர்ஸ் பார்த்துவிட்டு, பேட்டரி எப்படி இருக்கிறது என்று சொல்வார். "உயிரோட இருக்கேன்னு போன் பண்ணிச் சொல்ற ஆளு நான் ஒருத்தன்தான் லா!" என்று ஐயா சிரிப்பார்.

சிரித்தாரே தவிர, பயம் இல்லாமலா இருந்தார்? சிராங்கூன் சாலையில் மாவு மில் மோட்டார் ஓடும் பக்கம் போகவே மாட்டார். சுற்றிக்கொண்டு போவார். பிறகு டாக்டரிடம் கேட்டார். மோட்டார்மேல் சாயாதீர்கள், வாசலில் நடந்தால் ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். மறுநாளே அந்த மில் வாசலில் போய் நின்றார். யாருக்காக? இதே கருவி வைத்த இன்னொருவர் மிளகாய்த்தூள் அரைக்கப் பயந்துகொண்டிருந்தார், அவருக்காக! அந்த இன்னொருவர் என் மனைவி சிவகாமசுந்தரி.

அப்போது ஆஸ்பத்திரியில் பெட்டிகள் குறைவு. ஐயா தன் பெட்டியைப் பொதுவாக்கினார். புதன்கிழமை காலையில் கருவி வைத்தவர்களும் துணைக்கு வருபவர்களுமாக அவர் வீட்டில் கூடுவோம். பிரிஜட் அம்மா காப்பி கொடுப்பார். பெட்டிமேல் டெலிபோனை வைத்ததும் ஐயா கையைத் தூக்குவார். மின்விசிறி நிற்கும். ரேடியோ நிற்கும். பக்கத்து வீட்டு சம்சுன்னிசா அம்மா பேரப்பிள்ளையின் வாயைப் பொத்துவார். சத்தம் புகுந்தால் கோடு குழம்பிவிடும் என்று அந்த வராந்தா முழுக்கத் தெரியும். அடுத்தவர் இருதயத்துக்காக ஒரு வராந்தாவே மூச்சடக்கி நின்றதை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

ஐயா போய்விட்டார். நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சலில் போனார். கருவி கடைசிவரை சரியாக வேலை செய்தது என்று டாக்டர் என்னிடமே சொன்னார். இதை நான் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், "அவருக்கே மிஷின் கைவிட்டுருச்சு" என்று துக்கம் கேட்க வந்த இடத்திலேயே பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

பெட்டி எங்கே? இதோ, அவர் படத்துக்குப் பக்கத்தில்! அவர் கையோடு இருந்த பொருள் என்று பிரிஜட் அம்மா படத்தருகே வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார். வந்தவர்கள் படத்துக்கு ஒரு மாலை, பெட்டிக்கு ஒரு மாலை என்று போட்டோம். அன்பால்தான் செய்தோம். ஆனால் மாலை விழுந்த பொருளை யார் தொடுவார்கள்? அன்றிலிருந்து ஒரு புதன்கிழமைகூட யாரும் கூடவில்லை.

"சாவு வீட்டுச் சாமான். மாலையும் போட்டாச்சு. அதப் போயி என் கையில கட்டச் சொல்றீங்களா?" என்கிறாள் என் மனைவி.

"ஆஸ்பத்திரிக்காச்சும் வாயேன்" என்றால், "போற உசிரு எங்க இருந்தாலும் போகும்" என்கிறாள்.

சபையோரே, பேட்டரி இறங்குகிறது, வாரம் தவறாமல் அனுப்புங்கள் என்று நர்ஸ் கடைசியாகச் சொன்னது இவளுக்குத்தான். இவள் குளியலறைக்குப் போனால் நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். தூங்கினால் மூக்கருகே கை வைத்துப் பார்க்கிறேன். கையைத் தட்டிவிட்டுத் திட்டுகிறாள். திட்டு விழுந்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அதனால் மைக்கில் சொல்கிறேன். வீட்டுக்குப் போனதும் எனக்கு இருக்கிறது, தெரியும்!

காலையில் பிரிஜட் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அவரு இருந்தா அந்த மாலைய மொதல்ல கழட்டி வீசியிருப்பாரு, அண்ணே. எடுங்க" என்றார்.

எடுக்கிறேன். ஐயா, மாலை உங்கள் படத்துக்கு மட்டும். பெட்டி எங்களுக்கு வேண்டும். இனி இது என் வீட்டில் இருக்கும். புதன்கிழமை காப்பி என் பொறுப்பு. பிரிஜட் அம்மாவின் காப்பி மாதிரி இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். கருவி வைத்தவர்கள் ஒருவரும் விடாமல் வர வேண்டும். இது அவர் படத்தின் முன் நான் கொடுக்கும் வாக்கு.

அடுத்து மௌன அஞ்சலி. வெறும் மௌனத்தை வைத்துக்கொண்டு ஐயா என்ன செய்வார்? அவர் நம்மிடம் கேட்டது வேறு மௌனம். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மின்விசிறிகளை நிறுத்துங்கள் தம்பி. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் வாசல் பக்கம் போங்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் காத்திருக்கிறார், காலையிலேயே பேசிவிட்டேன். பெட்டியின் ஒலி நிற்கும்வரை யாரும் உட்கார வேண்டாம்.

சிவகாமி, எல்லோரும் உனக்காகத்தான் நிற்கிறார்கள். வாம்மா. கையைக் கொடு.