கூட வந்த மேடம்

ராத்திரி இல்லப்பா... மத்தியானம் ரெண்டு மணி. ஈ காக்கா இல்லாத ரோடு. கிட்ட வந்து உக்காருங்க, சொல்றேன். என் சிநேகிதியோட அக்கா அதுல தனியா நடந்து போறாங்க.

அவங்களுக்கு யூனிவர்சிட்டியைச் சேர்ந்த ஆராய்ச்சி நிறுவனத்துல வேலை. பிழைப்பு தேடி ஜனங்க வெளிநாடு போறாங்கல்ல... அவங்க குடும்பமெல்லாம் எப்படி இருக்குன்னு நாலஞ்சு நாட்டுல ஆராய்ச்சி. வீடு வீடாப் போய்க் கேட்டு, ரெக்கார்டர்ல பதிஞ்சு எழுதணும்.

பக்கத்து சீட்டுல ஒருத்தி. 'ஸ்டாரு'ன்னு பட்டப்பேர். வாயே திறக்காதவங்ககூட அவகிட்ட மனசைக் கொட்டிடுவாங்க. மாநாடு, பாராட்டு, எல்லாம் அவளுக்கே. அக்காவுக்கு வயிறு எரியும்.

மூணே நாள் காய்ச்சல்... ஸ்டாரு போய்ட்டா. அக்கா முதல்ல என்ன பண்ணாங்க தெரியுமா? ஸ்டாரு எழுதின அறிக்கையோட அட்டையில அவ பேரை எடுத்துட்டுத் தன் பேரைப் போட்டாங்க.

முதல்ல சொன்னேனே, அந்த மத்தியானம் அக்கா போனது ஒரு கொத்தனார் வீட்டுக்கு. அவர் வெளிநாடு போய் ஆறு வருஷம். சம்சாரம் எது கேட்டாலும் "ஆமா", "இல்ல". பத்தே நிமிஷம். முடிஞ்சுது.

ஆபீஸ் வந்து ஹெட்ஃபோன் மாட்டினா... ரெக்கார்டிங் நாற்பத்திரெண்டு நிமிஷம் ஓடுது! அந்தம்மா தேம்பித் தேம்பிப் பேசுது. நடுவுல நாலு செகண்ட் சத்தமே இல்ல. ஒரு கேள்வி கேக்குற நேரம். அப்புறம் பதில். மறுபடி அமைதி... குப்புனு தைல வாசனை. ஸ்டாரு நெத்தியில தடவுற தைலம்.

அக்காவுக்குப் பயம் வரல. பொறாமைதான் வந்துச்சு. செத்தும் இவதான் நல்லாக் கேக்குறாளா?

மறுநாளே அந்த வீட்டுக்கு ஓடினாங்க.

"இன்னும் என்னம்மா? அதான் உங்ககூட வந்த மேடம்கிட்ட எல்லாம் சொல்லிட்டேனே! நீங்க கிளம்பின பிறகும் உக்காந்திருந்தாங்களே..."

வீடு திரும்பினா, வீட்டுக்காரர் ஹால்ல உக்காந்திருக்கார். நைட் ஷிஃப்ட் ஆளு, பகல்ல வீடுதான். பொண்டாட்டிகிட்ட நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அதிசயம். கண்ணெல்லாம் சிவந்திருக்கு.

"உன் ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு. ரொம்ப நேரம் பேசிட்டிருந்தோம்."

"என்ன பேசினீங்க?"

"என்னென்னவோ..."

"எங்கிட்ட சொல்லுங்களேன்."

"நீ எங்க கேட்ட?"

அக்கா அடுத்த நாள் லீவு. கதவைப் பூட்டி, சாவியைக் கையிலயே வச்சுக்கிட்டாங்க. மத்தியானம்... காலிங்பெல் அடிக்கல, யாரும் தட்டல. வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில வந்தார். ரெண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டார். ஒண்ணுல உக்காந்தார். எதிர் நாற்காலியைப் பார்த்து முகம் மலர்ந்துச்சு.

அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, மெதுவா...

"நீ கொஞ்சம் உள்ள போறியா?"